காவல் நின்றவரின் கூலி

2011 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில், காவல்துறைத் தலைமையகத்தின் வெளியே நடைபாதையில் பூட்ஸ்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பழைய பூட்ஸ்கள், சிலவற்றில் சிறிய அமெரிக்கக் கொடிகள் செருகப்பட்டிருந்தன. அவற்றை அணிந்து தெருக்களில் நடந்த காவலர்கள், தங்கள் சங்க அலுவலகத்திலிருந்து ஒன்றாக நடந்து வந்து அவற்றை அங்கே வைத்துவிட்டு, உள்ளே சென்று தங்கள் பேட்ஜ்களை ஒப்படைத்தார்கள். அன்று ஒரே நாளில் 160க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தனர். நகரக் காவல் படையில் அது ஏறத்தாழ பாதி. தீயணைப்பு வீரர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் அதே கதி.

வேலைக்குச் செல்லும் வழியில் அந்தப் பூட்ஸ்களைப் பார்த்தேன். பார்த்தவுடன் என் நினைவுக்கு வந்தது, எங்கள் பள்ளிவாசல் அலுவலகத்தின் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு காசோலை.

அதைச் சொல்வதற்கு முன் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் பிலடெல்பியா, எதிர்க்கரையில் கேம்டன். ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளமும், இசைத்தட்டுத் தொழிற்சாலையும், கேம்ப்பெல் சூப் ஆலையுமாகச் செழித்திருந்த நகரம். கப்பல் தளம் 1967இல் மூடப்பட்டது. சூப் ஆலை 1990இல் நின்றது. அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மட்டும் இன்றும் அங்கே இருக்கிறது. தொழில் போன பின் வரி போயிற்று. மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம் என்று நகரச் சொத்துகளில் ஏறத்தாழ பாதிக்கு வரி விலக்கு. எனவே நகராட்சி மாநில அரசின் மானியத்தை நம்பியே காலம் தள்ளியது. 2010இல் மாநில அரசு நகராட்சிகளுக்கான உதவியைக் குறைத்தபோது கேம்டனின் பற்றாக்குறை 26.5 மில்லியன் டாலராக நின்றது.

மேயர் சங்கங்களிடம் கேட்டது இதுதான்: சம்பள உயர்வை நிறுத்திக்கொள்ளுங்கள், சம்பளமில்லாத கட்டாய விடுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், மருத்துவக் காப்பீட்டிற்கு உங்கள் பங்கைக் கூட்டிக் கொடுங்கள். இல்லையேல் ஆட்குறைப்பு. காவலர் சங்கம் மறுத்தது. பணிநீக்கத்திற்குப் பிறகு, சிலரைத் திரும்ப அழைப்பதற்காக முன்வைக்கப்பட்ட ஏற்பாட்டையும் உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் பெருவாரியாக நிராகரித்தார்கள்.

எங்கள் பள்ளிக்கு வெள்ளிதோறும் வரும் காவலர் ஒருவர் இருந்தார். ஜும்ஆ நேரத்தில் எங்கள் தெருவில் வண்டிகள் நெரிசலாகி, அண்டை வீட்டார் முறையிடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. ஆகவே பணி நேரத்திற்கு வெளியே இரண்டு மணி நேரம் சீருடையில் வந்து போக்குவரத்தை ஒழுங்கு செய்ய அவரை அமர்த்தியிருந்தோம். அதற்குரிய கட்டணத்தைப் பள்ளி நிர்வாகக் குழு கொடுத்தது. குழுவின் பொருளாளராக அப்போது நான் இருந்தேன். அவர் கறுப்பினத்தவர், கிறித்தவர். எங்களில் முதியவர் எவரேனும் தெருவைக் கடக்க நின்றால், இரு பக்கமும் கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தி, அவர் கைத்தடி ஊன்றி மெல்லக் கடக்கும் வரை காத்திருப்பார். பெருநாட்களில் பிள்ளைகள் அவருக்குப் பிரியாணிப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுப்பார்கள்.

டிசம்பர் மாதத்துக் கட்டணம் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. காசோலையில் இருவர் ஒப்பமிட வேண்டும்; மற்றொருவர் ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பிய பின் நான் மறந்துவிட்டேன். இதுதான் முழுக் காரணம். தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! நானே ஒருமுறை அதைத் தலைப்பாகக் கொண்டு பேசியிருக்கிறேன். ஐந்து வெள்ளிக்கிழமைகளின் கூலி இழுப்பறையில் கிடக்க, அந்த மனிதரின் வேலையே போய்விட்டது.

அன்று மாலை ஒப்பம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி கருவுற்றிருந்தார். சமையலறை மேசையில் காப்பீடு தொடர்பான தாள்கள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டேன். "பிரதர், நீங்கள் தருவீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். இனி வெள்ளிக்கிழமைகளில் தன்னால் வர முடியாது என்றும், பேட்ஜ் இல்லாதவன் தெருவில் வண்டியை நிறுத்தினால் அது குற்றமாகிவிடும் என்றும் அவரே சொன்னார். அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன் நான்.

அவருக்கு எட்டு ஆண்டுப் பணி. ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. மூத்தவர்கள் பலர் பதவி இறக்கப்பட்டு மீண்டும் ரோந்துக்கு அனுப்பப்பட்டார்கள். சங்கம் சற்று விட்டுக்கொடுத்திருந்தால் உங்கள் வேலை தப்பியிருக்குமே என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நாங்கள் வேலைநிறுத்தம் செய்ய இந்த மாநிலத்தில் சட்டம் இடம் தராது. எங்கள் கையில் இருப்பது அந்த ஒப்பந்தத் தாள் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு எதைக் கேட்பார்கள்?" என்றார். அவர் மனைவி குறுக்கிட்டு, "அடுத்த ஆண்டு இருக்கட்டும், அடுத்த மாதம் எனக்குப் பிரசவம்" என்றார். அவர்கள் இருவருடைய சொல்லிலும் நியாயம் இருந்தது.

நம்மவர்களில் சிலர் அப்போது இதைக் கேட்டுத் தோளைக் குலுக்கினார்கள். போலீஸ்காரனுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்? காரணமில்லாத கேள்வி அன்று அது. நியூயார்க் காவல்துறை ஆற்றைத் தாண்டி வந்து நியூஜெர்சியின் பள்ளிவாசல்களையும் முஸ்லிம் கடைகளையும் வேவு பார்த்ததை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளிக்கொணர்ந்த பிறகு காரணமும் கிடைத்தது. கேம்டனின் பழைய படையும் களங்கமற்றதன்று. சில காவலர்கள் பொய்த் தடயம் வைத்தது அம்பலமானதால் ஏறத்தாழ 200 பேர் மீதான தண்டனைகளும் வழக்குகளும் தள்ளுபடியாயின. சங்கத்தின் பேச்சும் எனக்கு எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. ஆட்குறைப்பு வந்தால் நகரம் நரகமாகிவிடும் என்று மக்களை அச்சுறுத்தும் விளம்பரம் எதற்கு? 1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலையில் சுமார் 5,000 காவலர்களை நீக்கியபோதும், அங்குள்ள சங்கங்கள் மண்டையோட்டுப் படம் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சடித்தன. காப்பதற்காகக் கூலி பெறுபவன் பயத்தை விற்கலாகாது.

ஆயினும், ஒருவன் நமக்குப் பிடித்தவனா என்று பார்த்து நியாயம் சொல்வது நம் மார்க்கம் கற்றுத் தந்த வழி அல்ல. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. எவரோடு செய்த ஒப்பந்தம் என்ற விலக்கு அங்கே இல்லை. அதே அத்தியாயம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது.

ஆனால் கஜானா உண்மையிலேயே காலியானால்? கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. நகராட்சியும் ஒரு கடனாளிதான். காவலர்கள் அதன் கடன்காரர்கள். அப்படியானால் சங்கம் இறங்கி வந்திருக்க வேண்டாமா? இதைப் பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன். எனக்கு எட்டிய வரையில், அவகாசம் கேட்பது வேறு, கொடுத்த வாக்கை நிரந்தரமாகத் திரும்பப் பெறுவது வேறு. ஓர் ஆண்டு உயர்வைத் தள்ளிப்போடு என்றால் அது அவகாசம். அதற்குச் சங்கம் செவிசாய்த்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். இளையவர்கள் வீதிக்கு வர, மூத்தவர்களின் சலுகை முழுமையாக நிற்பது சகோதரத்துவம் ஆகாது. ஆனால் மாநில அரசு அதே ஆண்டு ஜூனில் செய்தது அவகாசம் கேட்டல் அன்று. காவலரும் தீயணைப்பு வீரரும் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தும் பங்கைச் சம்பளத்தில் 8.5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகச் சட்டம் உயர்த்தியது; ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் விலைவாசிப் படியையும் நிறுத்திவைத்தது. பணியாளர்களின் பங்கு மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்டே வந்தது. அரசுதான் தன் பங்கைப் பல ஆண்டுகள் முழுமையாகச் செலுத்தவில்லை. செலுத்தாதவனின் குறையைச் செலுத்தியவன் தலையில் ஏற்றுவதை நெருக்கடி என்ற ஒரு சொல் நியாயப்படுத்திவிடாது. பெருஞ்செல்வர்கள் மீதான கூடுதல் வரியை அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆளுநர் தம் அதிகாரத்தால் தடுத்திருந்தார்.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் தாக்கியது. ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு என்று அதை அழைப்பர். மக்கள் உண்ணும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் தவிர்த்துக்கொண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களின் முகம் கறுத்துப்போனதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வாண்டு ஸகாத் வசூலை ஒத்திவைத்து, வளம் திரும்பிய பின் வாங்கினார்கள் என்றும் அறிகிறோம். ஒத்திவைத்தார்கள், ரத்து செய்யவில்லை. முதல் வெட்டு தம் தட்டில் விழுந்தது. இரவில் தாமே தெருக்களில் காவல் சுற்றிய ஆட்சியாளர் அவர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இது ஊராருக்கான உபதேசமாக நின்றிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிப்ரவரியில் எங்கள் நிர்வாகக் குழு கூடியது. நன்கொடை குறைந்திருந்தது, பலர் வேலையிழந்திருந்த காலம். இமாமின் மருத்துவக் காப்பீட்டில் பாதியை இனி அவரே ஏற்றுக்கொள்ளட்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். கணக்குப் பார்த்தால் தவறில்லாத யோசனை. அதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தவன் நான்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இமாம் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருக்குச் சங்கமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. நான் தாளை மடித்து வைத்துவிட்டு, வருடாந்திர விருந்தை முதலில் நிறுத்துவோம், அதற்கும் பிறகு போதாவிட்டால் அவரை அழைத்துக் கேட்போம் என்றேன். சற்று வாக்குவாதம் நடந்தது. விருந்துக்கு மண்டபம் பேசியவருக்கு இன்றும் என் மீது வருத்தம் உண்டு. அந்த ஆண்டு ரமழானில் ஹோட்டல் உணவுக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து நோன்புக்கஞ்சி காய்ச்சினோம். இமாமின் காப்பீடு அப்படியே நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

கேம்டனின் கதை அத்தோடு முடியவில்லை. நீக்கப்பட்டவர்களில் சிலர் சில மாதங்களில் திரும்ப அழைக்கப்பட்டார்கள். எங்கள் காவலர் அவர்களில் இல்லை. கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் வேலைக்குச் சென்றார். சம்பளம் குறைவு, காப்பீடு கிடையாது. 2012இல், சுமார் 77,000 பேர் வாழும் அந்த நகரில் 67 பேர் கொலையுண்டனர். அதற்கு முன் அந்நகரம் அத்தனை கொலைகளைக் கண்டதில்லை. 2013 மே மாதம் நகரக் காவல் படையே கலைக்கப்பட்டு, மாவட்ட நிர்வாகத்தின் கீழ் புதிய படை உருவாயிற்று. பழைய ஒப்பந்தம் அதோடு போயிற்று. சேர விரும்பிய பழைய காவலர்கள் புதியவர்களைப் போலவே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இது சங்கத்தை ஒழிக்கும் சூழ்ச்சி என்று பலர் விண்ணப்பிக்கவே மறுத்தார்கள். பின்னாளில் கொலைகள் கணிசமாகக் குறைந்தன. அந்தப் படையை நாடே முன்மாதிரியாகப் பேசியது. புதிய காவலர்களும் விரைவிலேயே சங்கம் அமைத்துக்கொண்டார்கள் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

விண்ணப்பங்கள் பெறப்பட்ட நாட்களில் அவர் ஒரு மாலை பள்ளிக்கு வந்தார். கையில் குழந்தை, இரண்டு வயது நெருங்கியிருந்தது. எட்டு ஆண்டு மூப்பை இழந்து முதல் படியிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னார். உடன் பணியாற்றிய நண்பர்கள் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். தன்னை அறிந்தவர் என்ற முறையில் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

மஃரிபுக்குப் பின் அலுவலகத்தில் அமர்ந்து எழுதினேன். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எங்கள் தெருவில் நின்றார் என்பதையும், மழையிலும் பனியிலும் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை என்பதையும் எழுதினேன். ஐந்து வெள்ளிகளுக்கான கூலியை நாங்கள் தாமதமாகக் கொடுத்ததையும், அவர் ஒருமுறைகூட அதைக் கேட்டு வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதி ஒப்பமிட்டேன்.