இரணைதீவுப் பெண்களின் கரை

முழங்காவில் பக்கம் கடற்கரையை நோக்கித் திரும்பினால் இரணைமாதா நகர் வரும். கணக்கெடுப்புப் படிவத்துடன் அங்கு போயிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, 'தொழில்' என்ற இடத்தில் கேளாமலேயே 'வீட்டுவேலை' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, அதை வெட்டுங்கோ. நான் தீவில அட்டை பொறுக்கினனான்" என்றார்.

சமூகவியல் படித்தவள் நான். வெட்கமாக இருந்தது. படிவத்தை மூடி வைத்துவிட்டு அவரது கதையைக் கேட்டேன்.

இரணைதீவு, கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு தீவுகள்; இரணை என்றால் இரட்டை. அங்கே ஆண்கள் படகில் தொழிலுக்குப் போக, பெண்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து ஆழமில்லாத நீரில் நடந்து கடலட்டையும் சங்கும் எடுப்பார்கள். அதற்குப் படகு தேவையில்லை. கணவனை இழந்தவளும் எவரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்க்கலாம்.

1992ஆம் ஆண்டு போர் அவர்களைத் தீவிலிருந்து வெளியேற்றியது. இரணைமாதா நகரில் குடிசை போட்டார்கள். அடுத்த பதினாறு ஆண்டுகள் அங்கே கழிந்தன. பிள்ளைகள் படித்தார்கள், கலியாணங்கள் நடந்தன. "எல்லாம் நடந்தது பிள்ளை. ஆனால் என்ர கையில காசு இல்லை. மற்றவையின்ர வலையில நண்டு கழற்றிக் கூலி வாங்கினன்" என்றார் அந்த அம்மா. வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளை அமைதியாக இருந்த காலம் என்று தாண்டிப் போகலாம். அந்தப் பெண்களுக்கு அது தங்கள் கரையை இழந்திருந்த காலம்.

2008இல் போர் மீண்டும் துரத்தியது. 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பியபோதும் தீவில் கடற்படை இருந்தது. 2017 மே 1ஆம் திகதி மக்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். முன்வரிசையில் பெண்கள். ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தும் முடிவு கிடைக்காததால், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். முதலில் போன இடம் மாதா கோவில். அடுத்த மாதமே மீள்குடியேற அனுமதி கிடைத்தது. அதன் பின்னும் பிள்ளைகளின் படிப்புக்காகப் பல குடும்பங்கள் இரண்டு கரையிலும் வாழவேண்டியிருந்தது.

அந்த அம்மா சொன்னபடி படிவத்தைத் திருத்தினேன்: 'கடற்றொழில்'.

சகோதரிகளே, இழப்பைப் பதியும்போது படகும் வலையும் எழுதப்படும். நீங்கள் நடந்து உழைத்த கரை விடுபட்டுப் போகும். உங்கள் வீட்டுக்கும் படிவத்துடன் யாராவது வருவார்கள். என்னைப் போல அவசரப்பட்டு எழுதினால், வெட்டச் சொல்லுங்கள்.