முத்துக் கரையில் ஒரு வேண்டுதல் பயணம்

வீட்டில் ஒரு நல்ல காரியம் தட்டிப் போய்க்கொண்டே இருந்தால் நாம் என்ன செய்வோம்? மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்போம். வேளை வந்ததும் அந்த முடிச்சோடு கோயிலுக்குப் புறப்படுவோம். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் இந்த முடிச்சு மதம் பார்ப்பதில்லை. செந்தூர் முருகனுக்குப் பால்குடம் நேர்ந்தவள் பனிமய மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருப்பாள். கேட்டால், "எந்தச் சாமி எப்போ கண் திறக்கும்னு நமக்கென்ன தெரியும்?" என்பாள்.

எங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு தடவை உண்டாகி, இரண்டுமே மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. ஆளுக்கொரு கோயிலைச் சொன்னார்கள். "எல்லாத்தையும் ஒரே சுத்தா சுத்திட்டு வந்திருவோம் சித்தி" என்றாள் அவள். அக்காவுக்கு மூட்டுவலி, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். தூத்துக்குடியில் தொடங்கி மணப்பாடு வரை, இரண்டு நாள் பயணம்.

முதலில் பனிமய மாதா கோயில். பனியே விழாத ஊரில் பனிமய மாதா எப்படி வந்தாள் என்று உங்களுக்குத் தோன்றும். ரோமாபுரியில் ஓர் ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு குன்றின் மேல் மட்டும் பனி பெய்ததாகவும், அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்பியதாகவும் ஐதிகம். போர்த்துக்கீசியர் சொன்ன பேரைத்தான் நம் ஊர்க்காரர்கள் 'தஸ்நேவிஸ் மாதா' என்று ஆக்கிக்கொண்டார்கள். இந்தச் சுரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது கோயில் வரலாறு. இப்போதுள்ள கோயில் 1713-ல் கட்டி முடிந்தது. 1982-ல் பசிலிக்கா என்ற பெருமை கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 26-ம் தேதி கொடியேறி, ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழா நிறைவு பெறும். தங்கத்தேர் மட்டும் எல்லா வருஷமும் ஓடாது. 1806-ல் முதன்முதலாக ஓடிய அந்தத் தேர் 2013-லும், பிறகு 2023-லும் ஓடியது. இடையில் பத்து வருஷம்!

நாங்கள் போனது சாதாரண நாள். உள்ளே அமைதி. முழங்காலிட்டிருந்த பெண்களில் பலர் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். இவளும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இந்த மாதாவை நம்பித்தான் அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கிறவர்கள் கடலில் இறங்கினார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ள வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தானாக இருப்பானாம். அக்காள் தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதே, கயிற்றைக் கோட்டை விடமாட்டான் என்று நம்பிக்கை! சுறா வராமல் மந்திரம் ஓதிக் கடலைக் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்று ஒருவரைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்வார்கள். கழுத்தில் ஜெபமாலை போட்டவர்களும் இந்துவான கடல்கட்டி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். கரையில் நின்ற பெண்கள் எத்தனை சாமிகளைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்!

தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. பார்களில் சிப்பி குறைந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1893-ல், ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் அப்படி முத்து விளைவித்துக் காட்டினார்கள்.

அந்த ஜப்பான் முத்துக் கரையின் பெயர் தோபா. பக்கத்திலேயே இசே என்ற ஊரில் ஷின்டோ மதத்தாரின் மிகப் பெரிய கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள். நாம் கை கால் கழுவி உள்ளே போவது போல அவர்களும் வாசல் தொட்டியில் கையையும் வாயையும் கழுவிக்கொண்டுதான் போவார்கள். இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டி, மறுபடி ஒரு தரம் குனிந்து வணங்குவார்கள். நம் கடலில் முத்துக்கு மூழ்கியவர்கள் ஆண்கள். அங்கே சிப்பிக்கும் கடற்பாசிக்கும் மூழ்குகிறவர்கள் பெண்கள். 'ஆமா' என்று பெயர். அவர்கள் தலைத்துணியில் ஒரு நட்சத்திரத்தைத் தைத்துக்கொள்வார்கள். கோடு தொடங்கின இடத்திலேயே வந்து முடியுமாம். அது போல மூழ்கினவளும் புறப்பட்ட இடத்துக்குப் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று அர்த்தம். அவர்கள் ஊர்க் கோயில் ஒன்றில் பெண்கள் ஒரே ஒரு வேண்டுதலைக் காகிதத்தில் எழுதிப் போட்டால் பலிக்கும் என்றொரு நம்பிக்கை. இதைச் சொன்னதும் அக்கா மகள், "ஒண்ணே ஒண்ணுதானா? நம்ம சாமிக பரவாயில்ல சித்தி" என்று சிரித்தாள். பயணத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்று மாலையே திருச்செந்தூர் போய்த் தங்கினோம். தூத்துக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர். ஆறுபடை வீடுகளில் இரண்டாவதான இது கடலோரத்தில் இருக்கிறது. விடிகாலையில் கடலில் முங்கி எழுந்து, பிறகு நாழிக்கிணற்றில் குளிக்க வேண்டும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர்! இங்கே பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதி விசேஷம். அந்த இலையின் நரம்புகள் முருகனின் பன்னிரு கைகள் என்பார்கள். 1648-ல் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து மூலவிக்கிரகத்தைக் கொண்டுபோக, புயலில் அதைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்பது தலவரலாறு. எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் வடமலையப்பப் பிள்ளை தேடி எடுத்து, 1653-ல் மீண்டும் பிரதிஷ்டை செய்தாராம். 2025 ஜூலை 7-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்து கோயில் புதுப்பொலிவோடு இருக்கிறது.

பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தத் தலம் பெரிய நம்பிக்கை. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, இந்தச் சந்நிதியில் வாய் திறந்து பாடினார் என்பது வரலாறு. இளம் தாய்மார்களே, முருகனை வேண்டுங்கள். கூடவே, ஒன்றரை வயதாகியும் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லையென்றால் காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து வயது வரை பொறுத்திருக்க வேண்டாம்.

நாழிக்கிணற்று வரிசையில் ஒரு பாட்டி இவளைப் பார்த்து, "எத்தன பிள்ளைய தாயி உனக்கு?" என்று கேட்டுவிட்டாள். இவள் முகம் சுருங்கிப் போனது. "இனிமேதான் ஆச்சி" என்றேன் நான். பாட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வள்ளி குகைக்குப் பக்கத்துல ஒரு தொட்டிலக் கட்டிட்டுப் போ. நானும் கட்டினவதான்" என்றாள். அவள் சொன்னபடியே ஒரு சின்னத் தொட்டில் வாங்கிக் கட்டினோம். அங்கே தொங்கிய தொட்டில்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண் அல்லவா நிற்கிறாள்!

அடுத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் குலசேகரப்பட்டினம். 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அந்த ஊர்தான். இங்கே ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் சேர்ந்து வீற்றிருக்கிறார்கள். நவராத்திரியில் தசரா பார்க்க வேண்டும்! நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, காப்புக் கட்டி, காளியாகவும் ராஜாவாகவும் குறவன் குறத்தியாகவும் வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, அதை அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். வசதிக்காரரும் கையேந்தித்தான் ஆக வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம்.

முத்து என்றால் கடலில் விளைவது மட்டுமல்ல. அம்மைக் கொப்புளத்தையும் முத்து என்றுதானே சொல்கிறோம்? அந்த முத்தை ஆற்றுகிறவள் என்பதால் முத்தாரம்மன் என்கிறார்கள். அந்த நாளில் பெரியம்மை எத்தனை வீடுகளைக் காலி செய்தது! தடுப்பூசி வந்து, இந்தியாவில் 1975-ல் கடைசி நோயாளி குணமாகி, 1980-ல் உலகத்திலேயே அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். சின்னம்மை இன்னும் இருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது வெளியார் வராமலிருக்க நல்ல அடையாளம். குறிப்பாகக் கர்ப்பிணிகள் அந்த வீட்டுக்குப் போகவே கூடாது. சின்ன வயதில் அம்மை வராதவர்கள், உண்டாவதற்கு முன்பே தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டான பிறகு அந்த ஊசி போடமாட்டார்கள்.

கடைசியாக மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். செப்டம்பர் 14-ம் தேதி திருவிழா. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை கீழே இருக்கிறது. ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் அவ்வளவு அழகு. அஞ்சறைப்பெட்டிக்கு ஆகுமென்று நானும் ஒன்று வாங்கினேன்.

மேட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள். "சித்தி, நாலு எடத்துலயும் நான் பிள்ளை வேணும்னு கேக்கல."

"பிறகு என்னட்டி கேட்ட?"

"மறுபடி உண்டாகவே பயமா இருக்கு. அந்தப் பயம் போகணும்னு கேட்டேன். அவுகளும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்னு கேட்டேன். இதுவரைக்கும் நான் மட்டும்தான போயிட்டு வாரேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 'குடத்தைத் தூக்கினாயா, பஸ்ஸில் போனாயா' என்று அவளைக் கேட்காதவர்கள் இல்லை. உண்மையில் ஆரம்ப மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் கருவிலேயே ஏற்படும் குறைதான் காரணம். வீட்டு வேலையோ சாதாரணப் பயணமோ அல்ல. இரண்டு தடவை இப்படி ஆனால் புருஷன் பெண்டாட்டி இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். உண்டாவதற்கு முன்பிருந்தே போலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடச் சொல்வார்கள்.

ஊர் திரும்பியதும் அக்காவிடம் பக்குவமாகச் சொன்னேன். அக்கா மாப்பிள்ளையிடம் பேசினாள். மறுமாதமே இருவருமாக டாக்டரிடம் போனார்கள். இவளுக்குத் தைராய்டு இருப்பது தெரிந்து, மருந்து சாப்பிட்டு வருகிறாள். மாப்பிள்ளைதான் மாத்திரை வேளையை ஞாபகப்படுத்துகிறாராம்.

நீங்களும் போவதானால் சில யோசனைகள். வெயில் காலத்தைத் தவிருங்கள். கந்த சஷ்டிக்கும் தசராவுக்கும் கூட்டம் நெரியும், கைக்குழந்தையோடு அந்த நாட்களில் வேண்டாம். திருச்செந்தூரில் அலை இழுக்கும், ஓரத்திலேயே குளியுங்கள். குடிக்கக் காய்ச்சி ஆறின தண்ணீரும், எலுமிச்சம்பழ சாதமும் கையில் இருக்கட்டும். தூத்துக்குடி மக்ரூனும் உடன்குடிக் கருப்பட்டியும் வாங்க மறக்காதீர்கள். கூட வருகிற பெண்ணிடம் எத்தனை பிள்ளை என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அவள் சொல்லும்போது காது கொடுத்தால் போதும்.