ஐந்தாம் எண் சாலையில் இரண்டு நாள்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் முதுகுப்பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா அழைத்தார். "கார் வச்சிருக்க. பொம்பளப் புள்ள தனியா பஸ்ல போகணும்னு என்ன தலையெழுத்து?"

சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. பேங்காக், பாலி எல்லாம் போய்வந்தாயிற்று. பாட்டி பிறந்து வளர்ந்த காப்பார் சாலையை மட்டும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அலுவலகத்துக்கு வெளியே பேச எனக்கு ஒரு ஆள் இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் முதன்முதலாக இணைத்த தடம் இது. கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையில் தோசையும் தே தாரிக்கும் பசியாறிவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். கோல சிலாங்கூர் பேருந்துக்குக் கைப்பேசிச் செயலி ஒரு நேரம் காட்டியது. அங்கே நின்றவர்கள் வேறு நேரம் சொன்னார்கள். நின்றவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

கிள்ளானிலிருந்து வடக்கே காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று கடலோரமாகப் போகிறது ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை. ஆனால் கடல் கண்ணில் படாது. செம்பனை, தொழிற்சாலை, கடைவரிசை, மறுபடி செம்பனை.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். மடியில் ஒரு பை நிறைய முருங்கைக்காய்.

"எந்த ஊரும்மா?"

"சுங்கை சிப்புட் ஐயா. பாட்டி காப்பார் பக்கம்."

"காப்பாரா? எந்தத் தோட்டம்?"

பெயரைச் சொன்னதும் உடம்போடு என் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய சின்னம்மா அங்கேதான் பால் வெட்டினாராம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சேமிப்புக் கிடங்கைக் காட்டி, "இங்கதான் லயம் இருந்துச்சு. அதோ அந்த மரத்தடியில முனியாண்டி" என்றார். எனக்குத் தெரிந்தது லாரிகள் மட்டும்தான். கிள்ளானில் பாட்டியோடு இருந்த ஆட்கள் யாரையும் நான் தேடிப்போனதில்லை. அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேருந்து இருக்கையில் அவருடைய தோட்டத்துப் பெயரைச் சொல்லி ஒருவர் தலையாட்டுகிறார். தொண்டை அடைத்தது.

"தொர எதுக்க வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும். எங்கப்பா எறங்கி நின்னவரு" என்றார் பெரியவர்.

இது குடும்பக் கதை மட்டுமல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றோடு, துரைகளையும் கிராணிகளையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. அவர்களுக்காக நின்ற ஆர்.எச்.நாதன் அந்த ஆண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பள்ளிப் பாடத்தில் இதை நான் படித்ததாக நினைவில்லை.

ஜெராமில் மகள் வீட்டுக்கு இறங்குமுன், டிக்கெட்டின் பின்புறம் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். கூடவே நான்கு முருங்கைக்காய். முதுகுப்பையில் நுழையாமல் பயணம் முழுக்க அவை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முருங்கைக்காய்தான் அடுத்த நட்பையும் கொண்டுவந்தது. பின்னிருக்கையிலிருந்த மலாய்ப் பெண் அதைப் பார்த்துச் சிரித்துப் பேச்சைத் தொடங்கினாள். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் தாதி. வார இறுதியில் கம்பத்துக்குப் போகிறாள். அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஜாவாவிலிருந்து இந்தக் கரைக்கு வந்தவராம். "அவரும் இறங்கி நின்றிருப்பாரோ?" என்றாள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கம்போங் குவந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிறேன் என்றதும், "திரும்பி எப்படி வருவீர்கள் காக்?" என்று கேட்டாள். கோல சிலாங்கூர் பட்டணத்திலிருந்து அது ஏறக்குறைய 9 கிலோமீட்டர். இருட்டிய பிறகு பேருந்து இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் வீடு அந்தப் பக்கம்தான்; அம்மாவே காரில் கூட்டிப்போவார் என்றாள்.

எனக்குத் தயக்கம். பேருந்தில் ஒரு மணி நேரப் பழக்கம்தானே! மதியம் புக்கிட் மெலாவத்தி குன்றில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், டச்சுக்காரர்கள் காலத்துப் பீரங்கி, கீழே சதுப்புநிலக் காடு, அதற்கப்பால் ஒருவழியாகக் கடல். சாம்பல்நிறத் தாய்க்குரங்கின் வயிற்றில் ஆரஞ்சு நிறக் குட்டி. அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். "அவங்க அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றார்.

பேசினார். சாயங்காலம் மாக்சிக் கார் பக்கத்தில் நின்று கைப்பேசியைப் பிடித்தபடி, அம்மாவின் பாசார் மலாய்க்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற விசாரணை. பிறகு முருங்கைக்கீரை சமையல். இருபது நிமிடம்!

ஆற்றில் துடுப்புப் படகு. எஞ்சின் கிடையாது, விளக்கு கிடையாது. பெரெம்பாங் மரங்கள் முழுக்க ஆயிரக்கணக்கான பூச்சிகள், ஒரே தாளத்தில் எரிந்து அணைகின்றன. ஆண் பூச்சிகள் இணையைக் கூப்பிடும் மொழி அது. அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை வெட்டிச் செம்பனை நட்டால் நத்தையும் போகும், வெளிச்சமும் போகும். சின்ன வயதில் இதைவிட அதிகம் பார்த்ததாகத் தோழி மெதுவாகச் சொன்னாள். மாக்சிக் எதுவும் பேசவில்லை. பத்து மணிக்குள் என்னைப் பட்டணத்துத் தங்கும் விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செகிஞ்சான் வரை போனேன். வயல் பச்சையாக இருந்தது, வெயில் கொளுத்தியது, எல்லாரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் திரும்பி வரும் பேருந்துக்காகத்தான் காத்திருந்தேன்.

இப்போது தோழி வேலை முடித்துவிட்டுச் சில சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் வருகிறாள். வாழையிலைச் சாப்பாட்டில் ரசத்தைக் குடிப்பதா ஊற்றுவதா என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரியவரை அழைத்தேன். பாட்டியின் தோட்டத்தில் இருந்த இரண்டு குடும்பங்கள் இப்போது மேருவில் இருப்பதாகவும், அடுத்த மாதம் அழைத்துப்போவதாகவும் சொன்னார். அம்மா பஸ்ஸில் வந்து கிள்ளானில் எங்களோடு சேர்ந்துகொள்கிறாராம்.

"அந்த மாக்சிக் கெரோப்போக் தர்றேன்னு சொன்னாங்க. மறக்காம வாங்கி வை" என்றார் நேற்று.