நாட்காட்டியில் இடம்பெறாத புள்ளிகள்

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாறுமே பலருக்கும் நினைவிற்கு வரும். பீங்கான் தொழிலால் வாழும் குடும்பங்களுக்கோ அவ்வூர் களிமண்ணும் சூளையுமாகும். என் தம்பி அங்குள்ள சிறு தொழிற்கூடம் ஒன்றில் ஃபியூஸ் கட்டைகளைச் சூளையில் அடுக்கி, இரவில் அதன் வெப்பத்தைக் கண்காணிக்கும் பணியைச் செய்து வந்தான். ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் எரியும் சூளை அது. அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே அறிந்தவர்கள் எங்கள் வீட்டார் மட்டுமே.

அடுப்படிச் சுவரில் தொங்கிய மாத நாட்காட்டியில் அம்மா நீலப் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒரு புள்ளி ஒரு வலிப்பு. மூன்று திங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்லும்போது அப்புள்ளிகளை எண்ணிக் கூறுவோம். அதனைக் கேட்டே அவர் மாத்திரையின் அளவை முடிவு செய்வார். ஈ.ஈ.ஜி. சோதனை, அது எடுக்கப்படும் சிறிது நேரத்து மூளையின் நிலையையே காட்டும். எஞ்சிய நாள்களுக்கெல்லாம் வீட்டாரின் சொல்லே சான்று. அச்சான்று எத்துணைப் பழுதுடையது என்பதனை நான் பின்னரே உணர்ந்தேன்.

2019 ஆம் ஆண்டில் மருத்துவரின் அறிவுரைப்படி தம்பியின் கைப்பேசியில் வலிப்பு நாட்குறிப்புச் செயலி ஒன்றைப் பதிந்து கொடுத்தேன். நாள், நேரம், நீடித்த வினாடிகள், முந்தைய இரவு உறங்கிய மணிக்கணக்கு, மாத்திரை உண்டானா தவறவிட்டானா என அனைத்தையும் அது கேட்கும்.

“ஏம்மா, ஒரு புள்ளி வைக்கிறதுக்கு இத்தனை கேள்வியா?” என்றார் அம்மா.

இரண்டு திங்கள் கழித்து ஒப்பிட்டேன். கைப்பேசியில் பதினொன்று, நாட்காட்டியில் நான்கு. உறக்கத்தில் வந்தவற்றை அருகில் படுத்திருந்த அப்பாவும், பேச்சின் நடுவே சில நொடிகள் வெறித்து நின்றவற்றை உடன் பணிபுரிந்த நண்பரும் பதிய வைத்திருந்தனர். தம்பிக்கு அவற்றுள் பெரும்பாலானவை நினைவிலேயே இல்லை. இது அவனுக்கு மட்டும் உரிய குறையன்று. ஜெர்மனியின் பான் நகரில் நோயாளரைக் காணொளியுடன் கண்காணித்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் தம் வலிப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றைக் குறிக்கத் தவறியது தெரியவந்தது. உறக்கத்தில் நேர்ந்தவற்றுள் 85 விழுக்காட்டிற்கு மேல் விடுபட்டன. நாள்தோறும் நினைவூட்டியும் பயன் விளையவில்லை. கருவி எதுவாயினும் அருகில் ஒரு மனிதர் வேண்டும் போலும்.

ஆயினும் விடுபட்ட ஒரு புள்ளி மறதியால் விடுபட்டதன்று. அன்று பெண் வீட்டார் வந்திருந்தனர். கேட்டபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எழுதிட்டா அது நிலைச்சுடும்மா” என்றார். நான் படித்தவள் என்ற செருக்கில் சட்டம் பேசினேன். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக இருந்ததும், 1999 ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டதும் உண்மையே. அம்மாவுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதிவுகளை வரிசைப்படுத்திய மருத்துவர் ஒன்றைச் சுட்டினார். பெரும்பாலான வலிப்புகள் இரவுப் பணி முடிந்த விடியலில் வந்தன. அந்த இரவுகளில் ஒன்பது மணி மாத்திரையும் தவறியிருந்தது. உறக்கக் குறைவும் மருந்து தவறுதலும் வலிப்பைத் தூண்டுவன என்பது மருத்துவ உலகம் நன்கறிந்ததே. எங்களுக்கோ அது தொழிற்கூட உரிமையாளரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயமாயிற்று. அவர் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். பிறகு பகலில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் வேலையைக் கொடுத்தார். கூலி குறைவு.

உடன் பணிபுரிவோர் முன்பெல்லாம் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்களாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா தம் அல்கானூன் நூலில் வலிப்பை மூளை சார்ந்த நோயாக ஆராய்ந்தார். இரும்பை நம்புவதை நாம் இன்னும் விடவில்லை. செயலி நேரத்தைக் கேட்பதால் இப்போது அவர்கள் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் இடாமல், கடிகாரத்தைப் பார்க்கின்றனர். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து வந்த பெண் வீட்டாரிடம் தம்பியே தன் நோயைக் கூறினான். அவர்கள் மறுபடி வரவில்லை. அம்மா அன்று உணவு உண்ணவில்லை, என்னிடமும் பேசவில்லை.

சென்ற மாதம் ஊருக்குச் சென்றபோது அடுப்படி நாட்காட்டியைப் பார்த்தேன். நீலப் பென்சிலில் இரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றின் அருகிலும் அம்மா மணியையும் எழுதி வைத்திருந்தார்.