எண்ணும் ஊரும்

புள்ளியியல் படிக்கிறவன் என்று தெரிந்தால் போதும், விடுதி நண்பர்கள் ஏதாவது ஓர் எண்ணைக் கேட்டுவிடுவார்கள். தமிழ் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஆந்திரத்தில் நம்மவர் எத்தனை பேர்?"

2011ஆம் ஆண்டுக் கணக்கில், அன்று தெலங்கானாவையும் சேர்த்திருந்த ஆந்திரப் பிரதேசத்தில், தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏழு இலட்சம் அளவில் இருந்தனர். மாநிலத்தின் மொத்த மக்கள் தொகையோ எட்டரைக் கோடி. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் வாடும். "அவ்வளவுதானா!" என்று ஒரு பெருமூச்சு. பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

அன்பர்களே, அந்த விடை உண்மையானது. எனினும் அதனால் பயன் சிறிது. மனிதன் மாநிலம் முழுவதிலும் பரவிக் கிடப்பவன் அல்லன். ஒரு தெருவில், ஒரு கூரையின் கீழ் வாழ்பவன். "எத்தனை பேர்?" என்று கேட்பவர் கூடவே "எங்கே?" என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் காட்சியே மாறிவிடுகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலும் தெற்கு ஓரத்திலும், நகரி, சத்தியவேடு, பாலசமுத்திரம், குடிபாலா, சித்தூர், குப்பம் என்று ஒரு வளைகோடு போட்டால், அந்தக் கோட்டை ஒட்டித் தமிழ் அடர்ந்து நிற்கும். வடமேற்கே மதனப்பள்ளிப் பக்கம் போகப் போக அது மெலிந்து மறையும். மாநிலக் கணக்கில் ஒன்றுக்கும் குறைவான பங்கு, இந்த ஓரத்துச் சிற்றூர்களில் பல மடங்காகப் பெருகிவிடும். ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: புத்தூர், குப்பம், ஏகாம்பரகுப்பம். பெயர் சொன்னால் பொருள் விளங்கும் ஊர்கள் இவை.

இந்த அடர்த்திக்கு ஒரு வரலாறு உண்டு. சித்தூர் ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள். அன்று எல்லாம் சென்னை மாகாணமே ஆகையால், மாவட்டம் மாறியது மக்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோதுதான் அந்தக் கோடு மாநில எல்லை ஆயிற்று. திருப்பதியும் திருத்தணியும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் போராடினார்கள். வேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் குறித்தது அவர்களுக்குத் துணை நின்றது. பின்னர்ப் படாஸ்கர் வகுத்த முறைப்படி, கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழியினர் மிகுதி, நிலத்தொடர்ச்சி உண்டா என்று பார்த்து எல்லையைத் திருத்தினார்கள். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. சென்னை மாநிலத்தின் சில ஊர்கள் ஆந்திரத்துக்கு வந்தன. திருப்பதி இங்கேயே நின்றது.

1900இல் திருத்தணியில் பிறந்து, எழுபது ஆண்டு அங்கேயே வாழ்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். திண்ணையை விட்டு அவர் நகரவில்லை. வட ஆர்க்காடு, சித்தூர் மாவட்டம், ஆந்திர மாநிலம், 1956இல் ஆந்திரப் பிரதேசம், 1960இல் சென்னை மாநிலம், 1969இல் தமிழ்நாடு என்று முகவரி மட்டும் அவரைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. அதே திருத்தணியில் 1888இல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, திருப்பதியில் பள்ளிப் படிப்புப் படித்தவர்தாம் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். எந்தக் கோட்டைக் கிழித்தாலும் இப்பக்கத்து மொழியினர் சிலர் அப்பக்கம் நிற்பார்கள். அப்பக்கத்தவர் சிலர் இப்பக்கம் நிற்பார்கள். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 42 இலட்சம் பேர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நமக்கு நாம் கேட்கும் நியாயம் அவர்களுக்கும் உரியது.

இனி நான் நன்கறிந்த இரண்டு நகரங்களைச் சொல்கிறேன். சித்தூர் என் ஊர். திருப்பதி நான் படிக்கும் ஊர். இரண்டுக்கும் இடையே எழுபது கிலோமீட்டர் தூரம். காதை மட்டும் நம்பினால், தமிழ் ஊர் திருப்பதி என்றுதான் எவரும் சொல்வார். ரயில் நிலையத்தில் தமிழ், பஸ் நிலையத்தில் தமிழ், அலிபிரிப் படிக்கட்டில் தமிழ். திருமலையில் தமிழிலும் எழுதிய பலகைகள் உண்டு. மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. ஆயினும் அந்தத் தமிழின் பெரும்பகுதி காலையில் வந்து மாலையில் பஸ் ஏறிவிடும் தமிழ். யாத்திரிகரை அவரவர் ஊரில்தான் கணக்கெடுப்பார்கள். தரிசனத்துக்கு வந்த ஊரில் அல்ல.

சித்தூரில் நிலைமை நேர்மாறு. கடைத்தெருவின் பலகைகள் தெலுங்கு. அலுவலகம் தெலுங்கு. வருகிறவர் தெலுங்கில் விலை கேட்கிறார், கடைக்காரர் தெலுங்கில் சொல்கிறார், உள்ளே திரும்பித் தம் மனைவியிடம் "சில்லறை இருக்கிறதா?" என்று தமிழில் கேட்கிறார். வேலூர் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்; மருத்துவத்துக்கும் பெண் எடுக்கவும் கொடுக்கவும் போய் வருகிறோம். எங்கள் நீவா ஆறு எல்லை கடந்து பொன்னை என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. இங்கே தமிழ் வீட்டுக்குள் இருக்கும் மொழி. தெருவில் நடப்பவனுக்கு அது தெரியாது. கதவைத் தட்டிக் கேட்பவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கதவை 2011 பிப்ரவரியில் ஒருவர் தட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். அம்மா தெலுங்கில் வரவேற்று மோர் கொடுத்தார். எங்கள் அம்மாவின் தெலுங்கில் எவரும் பிழை காண முடியாது. வந்தவர் பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டு எழுதினார். தாய்மொழி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "தெலுங்குதானே, அம்மா?" என்றார், பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டு எழுந்தார். வெயிலில் வந்தவரை நிறுத்தி வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அவர் போன பிறகு பாட்டி உள்ளிருந்து, "ஏண்டி, நான் பேசுகிறது என்னவென்று எழுதினார்?" என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் ஐந்து பேர். அன்று சித்தூரின் தமிழர் தொகையில் ஐந்து குறைந்தது.

ஐந்து குறைந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் சட்டம் வருகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதற்கு முன்பே, 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஓர் அளவு வைத்தார்கள்: ஒரு வகுப்பில் பத்துப் பேர், அல்லது ஒரு பள்ளியில் நாற்பது பேர் இருந்தால் அம்மொழி ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு மத்திய அரசின் குறிப்பாணை இன்னொன்றையும் சொல்கிறது: ஒரு நகராட்சியிலோ தாலுகாவிலோ ஒரு மொழியினர் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை இருந்தால், முக்கியமான அரசு அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிடுவது நல்லது. கவனியுங்கள், நண்பர்களே! இவற்றில் மாநில விகிதம் எங்கே வருகிறது? வகுப்பு, பள்ளி, நகராட்சி, தாலுகா என்று அளவுகோல் ஊரளவில்தான் இருக்கிறது. ஏழு இலட்சம் என்ற பெரிய எண் பெற்றுத் தராத ஆசிரியரை, ஒரு தெருவிலுள்ள பத்துக் குழந்தைகள் பெற்றுத் தர முடியும்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 கணக்கின்படி ஆசியர் நூற்றுக்குப் பதினைந்து அளவில் இருந்தனர். ஃப்ரீமான்ட் நகரில் அவர்கள் பாதிக்கு மேல். அதே மாநிலத்தின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பத்துக்கும் கீழே. மொழிச் சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு வேண்டுமா என்பதை அங்கே பெரும்பாலும் கவுண்டி அளவில் எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். படிவத்தில் என்ன கட்டம் இருக்கிறது என்பதும் பெரிய செய்தி. 1920 முதல் 1940 வரை அந்நாட்டுக் கணக்கெடுப்பு நம் நாட்டவர் அனைவரையும், மதம் எதுவாயினும், 'இந்து' என்ற இனமாக எழுதியது. 1970இல் வெள்ளையரோடு சேர்த்தது. 1980இல்தான் இந்தியருக்கெனத் தனிக் கட்டம் வந்தது. ஆட்கள் மாறவில்லை, கட்டம் மாறியது.

நம் படிவத்தில் கட்டம் இருக்கிறது. அதன் பொருளும் தெளிவாக இருக்கிறது: குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி எதுவோ அதுவே தாய்மொழி. அலுவலக மொழியும் பள்ளி மொழியும் அந்தக் கேள்வியில் வரா. அதற்கடுத்து, தெரிந்த வேறு மொழிகள் இரண்டைச் சொல்லவும் இடம் உண்டு. எங்கள் தெருவில் சிலர், "தமிழ் என்று சொன்னால் வெளியூரான் என்று நினைத்துவிடுவார்கள்" என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர் மறுவரியில் தெலுங்கைச் சொல்லலாம். நம் ஊர்ப்பெயரையே தம் பெயரோடு சுமந்த சித்தூர் நாகையாவைத் தெலுங்கர் தம்மவர் என்றனர். 1945இல் வந்த 'மீரா' படத்தில் பார்த்த தமிழரும் தம்மவர் என்றே கொண்டாடினர். இரண்டு மொழி தெரிந்தவன் இரண்டு வீட்டுப் பிள்ளை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். என் தம்பி சேரும் ஆண்டில் அந்தப் பிரிவு இல்லை. பிள்ளைகள் போதவில்லை என்றார்கள். பல பெற்றோர் ஆங்கிலத்தை நாடிவிட்டார்கள் என்பதும் உண்மையே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி கெட்டிக்காரன், தெலுங்கும் ஆங்கிலமும் அழகாக எழுதுகிறான். பாட்டி காலமான பின், அவள் கைப்பட எழுதிய ஊறுகாய்க் குறிப்பை எடுத்து வந்து, "படித்துச் சொல், அண்ணா" என்று என்னிடம் நீட்டினான். பாட்டியோடு பதினைந்து ஆண்டு தமிழில் பேசியவன் அவன்; அவள் எழுத்தில் ஒரு சொல்லும் அவனுக்குத் தெரியவில்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்தது. விவரங்களைத் தாமே பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு என்கிறார்கள். அந்தக் கேள்வி வரும்போது உங்கள் வீட்டில் பாட்டியை முன்னால் உட்கார வையுங்கள். அவர் பேசும் மொழியை அவரே சொல்லட்டும். எழுதுகிறவர் எழுதி முடிக்கும் வரை மோரைக் கொஞ்சம் தாமதித்துக் கொடுக்கலாம்.

கணக்கு அதோடு முடிந்துவிடாது. இச்சங்கத்தில் உள்ள நாம் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், நாளுக்கு அரை மணி நேரம், உயிரெழுத்திலிருந்து தொடங்கலாம். என் தம்பி இப்போது மெய்யெழுத்துக்கு வந்திருக்கிறான்.