சாய்தளம் சொல்லித் தந்த கோணம்

தரம் 11இல் திரிகோணகணிதம் தொடங்கும்போதெல்லாம் "சேர், இது எதுக்கு உதவும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "பரீட்சைக்கு" என்று சொல்லியே நாங்களும் பல வருடங்களைக் கடத்திவிட்டோம்.

இம்முறை பதில் எங்கள் வகுப்பறை வாசலிலேயே இருந்தது.

சக்கர நாற்காலியில் வரும் சிறிய வகுப்புப் பிள்ளை ஒருவருக்காக, பெற்றோரும் நாங்களும் காசு சேர்த்து மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டியிருந்தோம். படமெடுத்து இங்கே பதிவும் போட்டோம். ஆனால் தினமும் காலையில் அந்தப் பிள்ளையின் உம்மா மூச்சு வாங்கத் தள்ளுவார்; பின்னால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நாற்காலி பாரம் என்று நினைத்துக்கொண்டோம்.

அன்று அளவு நாடாவோடு பிள்ளைகளை வெளியே கூட்டிச் சென்றோம். உயரம் 45 சென்ரிமீற்றர். சாய்வின் நீளம் 180. ஒருவர் உடனே "தான்சன்" என்றார். "நாம அளந்தது தரையையா, சாய்வையா?" என்று கேட்டதும் அவரே திருத்திக்கொண்டார். தெரிந்தவை எதிர்ப்பக்கமும் செம்பக்கமும், ஆகவே சைன். 45ஐ 180ஆல் வகுத்தால் 0.25. வழக்கமாகக் கோணத்தைக் கொண்டு விகிதத்தைத் தேடும் அட்டவணையில், இப்போது விகிதத்தைக் கொண்டு கோணத்தைத் தேடினோம்: 14°29′.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயர, கிடையாக 12 அடி ஓட வேண்டும். கட்டட வேலையில் பரவலாகப் பின்பற்றும் அளவு அது. இங்கே தெரிந்தவை எதிர்ப்பக்கமும் அயற்பக்கமும், ஆகவே தான்சன். 1/12 என்பது 0.0833. கோணம் 4°46′.

நாங்கள் கட்டியது அதைப்போல் மூன்று மடங்கு செங்குத்து. வகுப்பில் யாரும் பேசவில்லை. இத்தனை மாதமாக அந்த உம்மா தள்ளியது எங்கள் பிழையை.

45ஐ 12ஆல் பெருக்கி, 540 சென்ரிமீற்றரைச் சுவரோரமாகச் சோக்கால் பிள்ளைகளே குறித்தார்கள். மேசன் நானா வந்து பார்த்துவிட்டு, "இத முதல்லயே சொல்லியிருந்தா அப்படியே கட்டித் தந்திருப்பேனே சேர்" என்றார். இன்ஷா அல்லாஹ், விடுமுறையில் வேலை தொடங்கும்.

பாடசாலையிலோ பள்ளிவாசலிலோ சாய்தளம் கட்டப்போகிறவர்கள், சீமெந்து குழைக்க முன் ஒருமுறை அளந்து பாருங்கள். கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், எங்கள் தரம் 11 பிள்ளைகள் இருக்கிறார்கள்.