விண்டோஸ் மறைத்ததை லினக்ஸ் காட்டும்

கணனியில் ஒரு கோப்பை மறைத்து வைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்று நம்புவோர் இன்றும் பலர். பத்திரிகைத் தொழிலில் இருப்போரிடம் இந்த நம்பிக்கை சற்று அதிகம் என்பது எனது அனுபவம். தகவல் தந்தவரின் பெயர் அடங்கிய குறிப்பை மறைத்து வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்வார்கள். அவர்களை மனதில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

விண்டோஸில் ஒரு கோப்பை மறைக்கும்போது அதனைப் பற்றிய பதிவில் ஒரேயொரு பிட் மாறுகிறது. அவ்வளவே. கோப்பு பூட்டப்படுவதுமில்லை, அதன் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்படுவதுமில்லை. 'இதனைக் காட்டாதே' என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு குறிப்புத்தான் அது. லினக்ஸ் பொதுவாக இக்குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. அதன் மரபு வேறு. பெயர் புள்ளியில் தொடங்கினால்தான் லினக்ஸில் கோப்பு மறையும். யுனிக்ஸின் ஆரம்ப காலத்தில், ஒவ்வோர் அடைவிலும் இருக்கும் ஒற்றைப்புள்ளி, இரட்டைப்புள்ளிப் பதிவுகளைப் பட்டியலில் தவிர்ப்பதற்குச் செய்த குறுக்குவழியே இம்மரபாயிற்று என்று யுனிக்ஸ் குழுவில் இருந்த ரொப் பைக் 2012இல் எழுதினார்.

இந்த வேறுபாட்டின் பயனை நான் 2010ஆம் ஆண்டளவில் கண்டேன். பென் ட்ரைவ் வைரஸ்கள் தாண்டவமாடிய காலம் அது. பக்கங்கள் அச்சுக்குப் போகவிருந்த வேளையில் பிரதேசச் செய்தியாளர் ஒருவர் பதைபதைத்து வந்தார். மூன்று நாள் அலைந்து எடுத்த செவ்வியும் படங்களும் இருந்த பென் ட்ரைவில் சில குறுக்குவழிக் குறிகள் மட்டுமே தெரிந்தன. "எல்லாம் போட்டுது, ஐயா" என்றார். ஒன்றும் போகவில்லை. உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைப்பது அவ்வகை வைரஸின் வழக்கம். போலியைச் சொடுக்கினால் வைரஸ் இயங்கும். எனது மேசைக் கணனியில் உபுண்டு இருந்தது. அதில் செருகியதும் கோப்புறைகள் யாவும் கண்முன்னே நின்றன. செவ்வி மறுநாள் வெளியாயிற்று.

உங்களுக்கும் இந்நிலை வந்தால் அவசரப்பட்டு ட்ரைவை ஃபோமட் செய்யாதீர்கள். லினக்ஸில் திறந்து உங்கள் ஆவணங்களை மட்டும் பிரதியெடுங்கள்; குறுக்குவழிகளையும், நீங்கள் வைக்காத இயங்கு கோப்புகளையும் தொடாமல் விடுங்கள். லினக்ஸ் இல்லாதவர்கள் விண்டோஸின் 'அட்ரிப்' கட்டளையால் மறைப்பை நீக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் நிறுவிய வன்தட்டை லினக்ஸில் திறந்தால் முன்பின் அறியாத பல கோப்புகள் தெரியும். குப்பையென்று எண்ணி அவற்றை அழித்துவிடக் கூடாது. எக்ஸ்பி காலத்தில் 'என்டிஎல்டிஆர்' என்றொரு சிறு கோப்பு இவ்வாறு மறைந்திருந்தது. அதனை அழித்தால் விண்டோஸ் எழும்பவே எழும்பாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'விரைவுத் தொடக்கம்' இயங்கும் கணனிகளில் நிறுத்தும்போதும் முறைமையின் நிலை ஒரு மறைகோப்பில் சேமிக்கப்படுகிறது. அந்நிலையில் லினக்ஸிலிருந்து அவ்வன்தட்டில் எழுதாதிருப்பதே நல்லது. தெரியாததைப் பார்க்கலாம், தொடக்கூடாது.

இனி, தொடக்கத்தில் சொன்ன விடயம். செய்தியாளரின் கோப்பை லினக்ஸ் மீட்டுத் தந்தது போலவே, உங்களை நம்பிப் பேசியவரின் பெயரையும் அது எவருக்கும் காட்டிவிடும். கணனியைக் கைப்பற்றுகிறவருக்கு கடவுச்சொல்கூடத் தேவையில்லை. லினக்ஸ் உள்ள ஒரு பென் ட்ரைவ் போதும். குறியாக்கம் ஒன்றே இதற்குக் காப்பு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும் 'வெராகிரிப்ட்' இலவசமாகவே கிடைக்கிறது. கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். பெயரை வெளியிட மாட்டோம் என்று வாக்களித்தவர்கள் அந்த ஒரு மாலையைச் செலவிடக் கடமைப்பட்டவர்கள்.